தலையாரிக்கு அந்தப் பக்கம்

கெப்ரான் என்கிற அந்தக் கிரகத்தின் விளிம்பில் வேலி கிடையாது. சாம்பல் நிற மணல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். தூரத்தில் ஊதா நிறத்தில் ஒரு மலை வரிசை தெரியும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எவனுக்கும் அதைப் பார்த்தால் ஒருமுறையாவது அங்கே போய்வரலாமே என்று தோன்றும். எல்லையைத் தாண்டியதும் காதுக்குள் ஒரு பெண் குரல், 'திரும்பு' என்று சொல்லும். பத்து விநாடி அவகாசம் கொடுக்கும். திரும்பாவிட்டால் மணலுக்கு அடியிலிருந்து தட்டு மாதிரி ஒன்று இடுப்பு உயரத்துக்கு எழும்பும். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கண் திறக்கும். கண் ஒருமுறை பார்க்கும். அவ்வளவுதான்.

அந்தக் கிரகத்தின் பழைய குடிகள் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடி அது என்று அந்தப் போன் விளையாட்டு சொன்னது. அறிவுச்செல்வனும் சுபாஷும் அதற்குத் தலையாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் எல்லைக்குள் எவன் கால் வைத்தாலும் முதலில் மோப்பம் பிடித்து வந்து நிற்பவன் தலையாரிதானே என்பது சுபாஷின் வாதம்.

"அது ஒரு எடத்துல பொதைச்சு வெச்சது இல்ல மச்சான்," என்பான். "நீ எங்க போறியோ அங்க உன் காலுக்குக் கீழ வந்து நிக்குது. இல்லன்னா இத்தினி மைலு மணலுக்கு எத்தினி குழி தோண்டறது? எவன் கூலி குடுக்கறது?"

செத்தவனுக்கு அந்த விளையாட்டு ஒரு மரியாதை செய்யும். சாவதற்கு முந்தைய முப்பது விநாடியையும் பிந்தைய சில விநாடிகளையும், கூட்டாளிகளின் பேச்சோடு சேர்த்து, ஒரு வீடியோவாக அவன் போனில் தானாகவே சேமித்து வைக்கும். சுபாஷின் போனில் அப்படி நாற்பது வீடியோ இருந்தன. எல்லாவற்றிலும் அவன் அந்த மலையை நோக்கி ஓடிக்கொண்டிருப்பான். எல்லாவற்றிலும் கடைசியில் அறிவு சிரித்துக்கொண்டிருப்பான்.

இருவரும் கச்சிராயபாளையத்தில் பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு அறிவு கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போனான். சுபாஷ் அவன் அம்மா பச்சையம்மாளோடு கரும்பு வெட்டப் போனான். பகலில் ஒருவன் போகிற இடத்துக்கு இன்னொருவன் போனதில்லை. சாயங்காலம் ஆனால் கெப்ரானில் இருவரும் ஒரே படை.

ஓடைக்கு அந்தப் பக்கம் சுபாஷின் வீட்டில் டவர் எடுக்காது. அதனால் அறிவின் அப்பா கொளஞ்சியப்பனின் கரும்புக் காட்டுக்கு வருவான். நாலு ஏக்கர் கரும்பு, கல்வராயன் மலையடிவாரத்தில் காப்புக்காட்டை ஒட்டிக் கிடந்தது. அதன் மேற்கு மூலையில் வரப்பு உயரம். அங்கே உட்கார்ந்தால் போனில் மூன்று கோடு நிற்கும். சுபாஷ் அங்கேதான் உட்காருவான் என்பது அறிவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

காட்டுப்பன்றிக்காகக் கொளஞ்சியப்பன் கரும்பைச் சுற்றி ஒற்றைக் கம்பி இழுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே, மூங்கில் குச்சிகளில் கட்டிய கம்பி. மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் கொடுப்பார். சட்டப்படி தப்பு என்று அவருக்கும் தெரியும், சுற்றுவட்டாரத்தில் அப்படி இழுத்திருந்த எல்லோருக்கும் தெரியும். எப்போதும் ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவார். போடுவதற்கு முன் கொட்டகை வாசலில் நின்று, காட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்பார், யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. சுபாஷ் எட்டரைக்கே எழுந்து போய்விடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஒன்பதுக்குக் காத்திருக்கவில்லை. முந்தின இரண்டு நாளும் பன்றிகள் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி ஒரு மூலையை உழுதுவிட்டுப் போயிருந்தன. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் கொட்டகைக்கு வந்துவிட்டார். அறிவு கொட்டகைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். அப்பா ஏதோ கேட்பது தெரிந்து, இயர்போனை இரண்டு காதிலிருந்தும் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"கரும்பாண்ட யாரும் இல்லியே? லைன் போட்டுடவா?"

அறிவு தலையைத் தூக்கவில்லை. திரையில் சுபாஷின் ஆள் அவனுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான், கை நீட்டினால் தொடலாம் போல. சுபாஷ் எங்கே என்று யாராவது அந்த விநாடி கேட்டிருந்தால், இதோ இங்கே என்று திரையைத்தான் காட்டியிருப்பான்.

"யாரும் இல்லப்பா. போடு."

இயர்போனைத் திரும்ப மாட்டியபோது சுபாஷின் ஆள் எல்லையைத் தாண்டி மணலில் ஓடிக்கொண்டிருந்தான். நேராக, கொஞ்சமும் வளையாமல். 'திரும்பு' என்றது பெண் குரல்.

"திரும்புடா லூசு!" என்று கத்தினான் அறிவு. "டேய், தலையாரி வரான்டா!"

தட்டு எழும்பியது. கண் திறந்தது. அறிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுபாஷ் வழக்கமாகத் திட்டுவான், திட்டவில்லை. நெட் போயிருக்கும் என்று நினைத்து அறிவு தனியாக ஆடி, அந்த ஆட்டத்தை ஜெயித்தும் விட்டான்.

கால் மணி நேரம் கழித்து அப்பா கொட்டகையில் ஃபியூஸ் போயிருப்பதைப் பார்த்தார். பன்றி விழுந்திருக்கிறது என்று சந்தோஷமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். போனவர் திரும்பி வந்தபோது டார்ச் எரிந்துகொண்டே தரையைப் பார்த்துத் தொங்கியது.

"யாரும் இல்லன்னு நீதான்டா சொன்ன," என்றார்.

சித்தப்பா தீனதயாளன் வந்தார். கம்பியைச் சுருட்டிக் கிணற்றில் போட்டார்கள். ரோட்டோரக் கரண்ட் கம்பத்தைச் சாயாமல் பிடிக்க மண்ணோடு கட்டிய இழுவைக்கம்பி ஒன்று உண்டு. சுபாஷை அதன் அடியில் கொண்டுபோய்ப் போட்டால் அதில் கரண்ட் அடித்ததாகிவிடும் என்று முடிவு செய்தார்கள். அறிவு டார்ச் பிடித்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்தார்கள், பிடித்தான்.

"வேணும்னா செஞ்சோம்?" என்றார் அப்பா மூச்சு வாங்க. "பன்னிக்குப் போட்டது. கம்பத்தாண்ட கெடந்தா கவர்மெண்டுல எதுனா குடுப்பான். அவங்க வூட்டுக்கும் நல்லது."

சித்தப்பா மட்டும், "நீ அந்தப் பக்கம் பாக்காத அறிவு, வெளிச்சத்த நேரா பிடி," என்றார்.

மறுநாள் எல்லாம் அவர்கள் நினைத்தபடியே நடந்தது. கரண்ட் அடித்துச் செத்தான், கம்பத்தின் அடியில் கிடந்தான். போலீஸ்காரர்கள் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். சுபாஷை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அறிவு சாவுக்குப் போய் ஓரமாக நின்றான். "கூட்டாளி, பாவம், எப்டி வாடிப்போச்சு பாரு," என்று ஒரு பெண் சொன்னதைக் கேட்டதும் அங்கிருந்து வந்துவிட்டான்.

பால் தெளித்த மறுநாள் பச்சையம்மாள் வந்தாள். எப்போதும் போலப் பின்வாசல் வழியாக வந்து மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானை முடிச்சிலிருந்து, உடம்போடு கம்பத்தடியில் கிடந்த சுபாஷின் போனை எடுத்தாள். கண்ணாடி சிலந்தி வலையாகக் கீறியிருந்தது.

"தம்பி, இத நீங்கதான் தொறக்கணும். கோடு போட்டுத் தொறப்பான். எனக்கு இன்னா கோடுன்னு தெரியாது."

அப்பா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். கையில் மண்வெட்டி.

"இன்னா பச்சையம்மா, போனா? வெச்சிட்டுப் போ. டவுன்ல குடுத்து ரிப்பேர் பண்ணித் தரச் சொல்றேன்."

"ரிப்பேரு வேணாங்க ஐயா. கடைசியா யார்கிட்ட பேசிக்கினு இருந்தான்னு பாக்கணும்." அவள் அறிவைப் பார்த்துத்தான் சொன்னாள். "அந்தக் கம்பத்தாண்ட டவரு எடுக்காது தம்பி. எனக்கே தெரியும். அங்க அவனுக்கு இன்னா வேல? ஒரு கால் செருப்பயும் காணோம். ஊரெல்லாம் தேடிட்டேன்."

"கரண்ட்டு அடிச்சா செருப்பு எங்கனா பறக்கும்," என்றார் அப்பா.

"எங்க பறந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

அறிவு போனை வாங்கினான். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவன் எதுவும் சொல்லாமலே பேசிப் பழகியிருந்தான். "பக்கத்து வூட்டுல சார்ஜ் போட்டேன். பதினஞ்சுக்கு மேல ஏற மாட்டேங்குது," என்றாள். சுபாஷின் கோடு அவனுக்குத் தெரியும். கீழிருந்து ஏறி, நடுவில் இறங்கி, திரும்ப ஏறி, இறங்குவது. மலை மாதிரி.

போன் திறந்தது. வீடியோக்களின் வரிசையில் நாற்பத்தொன்றாவதாக ஒன்று இருந்தது. செவ்வாய், ஆறு நாற்பத்தேழு. அவன் கட்டைவிரல் அதன்மேல் நின்றது. அழிப்பதற்கு இரண்டு தொடுதல் போதும். ஒன்றும் இல்லைங்க என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அவள் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அப்பா மண்வெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அந்த வீடியோவில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அறிவுக்கும் தெரியாது. சுபாஷின் ஆள் ஏன் அவ்வளவு நேராக ஓடினான் என்பதை மட்டும் நாலு நாளாக அவனால் விட முடியவில்லை.

"எதுனா பேசியிருக்கானா தம்பி?" என்றாள். "அவன் கொரல் இருக்குதா?"

அவன் தொட்டுவிட்டான்.

முதலில் சுபாஷ்தான் வந்தான். "மச்சான், இன்னிக்கு ஓடற பட்டன லாக் பண்ணிட்டு நேரா போறேன் பாரு..." பச்சையம்மாளின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. போனுக்கு அருகில் காதைக் கொண்டுவந்தாள். அதன்பின் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, இன்னொரு குரல். கரும்பாண்ட யாரும் இல்லியே? லைன் போட்டுடவா? பிறகு அறிவின் குரல், பக்கத்தில், சத்தமாக. யாரும் இல்லப்பா. போடு.

இயர்போனைக் காதிலிருந்து எடுத்தானே தவிர, அதன் மைக் அவன் நெஞ்சில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறது.

"டேய், நான் இங்கதான்டா இருக்கேன். அறிவு, டேய், போடச் சொல்லாத, கம்பியாண்டதான் இருக்கேன், எழுந்துக்கறேன் இருடா..." என்றான் சுபாஷ். பிறகு துணி கிழிவது போல ஒரு சத்தம். அதற்கப்புறம் அவனிடமிருந்து எதுவும் இல்லை. திருப்பக் கை இல்லாத அவன் ஆள் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தான். எல்லையைத் தாண்டினான். திரும்பு. திரும்பு. கண் திறந்தது. கடைசியில், எல்லா வீடியோவிலும் இருப்பது போல, அறிவின் சிரிப்பு.

மாடு தொட்டியில் வாய் வைத்துத் தண்ணீர் உறிஞ்சியது.

"இன்னொரு தபா போடு தம்பி," என்றாள் பச்சையம்மாள்.

முதல் முறை அவள் மகனின் குரலை மட்டும்தான் கேட்டிருந்தாள். இரண்டாவது முறை ஓடும்போது அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து கொளஞ்சியப்பனைப் பார்த்தது. பார்த்தது பார்த்தபடி, வீடியோ முடிந்து சிரிப்பும் அடங்கும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

"பச்சையம்மா," என்றார் அவர். "உக்காரு. பேசிக்கலாம். பன்னிக்குப் போட்டதும்மா அது."

அவள் அறிவின் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. பின்வாசல் பக்கம் போகவும் இல்லை. அடுப்படியைக் கடந்து, கூடத்தைக் கடந்து, இத்தனை வருஷத்தில் கால் வைக்காத அந்த வீட்டுக்குள்ளேயே நடந்து முன்வாசல் வழியாக வெளியே இறங்கினாள். அறிவு பின்னாலேயே போனான். செருப்பு மாட்டவில்லை.

"அறிவு," என்று கூப்பிட்டார் அப்பா. "டேய், வந்துடுடா." குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை ஒரு நிமிஷம் பிடித்து நிறுத்தியது. "நானா சொன்னேன்? நீதானேடா சொன்ன. உன்னயும்தான் இழுப்பாங்க. வந்துடு."

தார் ரோடு வெயிலில் சுட்டது. நடந்தான். மனசுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது, பத்தைத் தாண்டியும் எண்ணியது.

கள்ளக்குறிச்சி போகிற டவுன் பஸ் வந்தது. பச்சையம்மாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அறிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இங்கே ஸ்டேஷனில் கொடுக்கப்போவதில்லை, கலெக்டர் ஆபீசுக்கே போகப்போகிறேன் என்று அவனைப் பார்க்காமலே சொன்னாள். கரும்புக் காடு ஜன்னலில் வந்து, நீண்டு, முடிந்தது.

"சார்ஜு எத்தினி இருக்குது?"

எட்டிப் பார்த்தான். "பன்னெண்டு."

"தாங்குமா?"

"வேற எதயும் தொறக்காம இருந்தா தாங்குங்க. அங்க போயி நான் தொறந்து தரேன்."

அவள் போனை மடியில் வைத்து அவன் பக்கம் திருப்பினாள்.

"அந்தக் கோட்ட எனக்குச் சொல்லிக் குடு. நீ நடுவுல எறங்கிட்டா?"

நடுவில் இறங்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. குனிந்து, முன்சீட்டின் தகரத்தில் படிந்திருந்த தூசியில் விரலால் போட்டுக் காட்டினான். ஏறி, நடுவில் இறங்கி, ஏறி, இறங்கணும். அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன அவள் விரல் கீறல் விழுந்த கண்ணாடிமேல் மெதுவாக ஏறியது. முதல் முறை தப்பாகிப் போன் அதிர்ந்தது. இரண்டாவது முறையும் அதிர்ந்தது.

"மலை மாதிரிங்க," என்றான்.

அவள் ஜன்னல் வழியாகப் பின்னால் திரும்பி, தூரத்தில் கிடந்த கல்வராயன் மலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தாள். மூன்றாவது முறை போன் திறந்தது.