வேலியில் பட்ட பந்து

தம்பி வெண்டல் மறுநாள் அலாஸ்காவுக்குக் குடிபெயர்கிறான். அவனை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தில் ஆடும் விஃபிள் பால் போட்டியின் கோப்பையோடு வழியனுப்ப வேண்டும் என்பது காரெட்டின் ஆசை. இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். காரெட் வீசிய பந்தை எதிராளி தூக்கி அடித்தான். அது வேலியில் பட்டுத் தெறித்து, வெண்டலின் கைக்கே வந்தது. வேலியில் பட்டால் கேட்ச் செல்லாது என்றெண்ணி அவன் அதைக் கீழே போட்டான். அதற்குள் எதிரணி ஓட்டம் எடுத்துவிட, இவர்கள் தோற்றார்கள்.

“தரையில விழறதுக்குள்ள பிடிச்சா அவுட்டுடா, மரமண்டை!” என்று எதிராளி சிரித்தான்.

வெண்டல் திரும்பினான். “உனக்குத் தெரியுமாண்ணே?”

“சத்தியமா தெரியாதுடா.”

வெண்டல் வேலியில் ஒட்டியிருந்த விதித்தாளைப் போய்ப் பார்த்தான்; அண்ணனின் கையெழுத்து.

“இந்த ரூலை எழுதினதே நீதானேண்ணே,” என்றான்.

காரெட் குனிந்து மட்டைகளைப் பொறுக்கினான்.