பன்னிரண்டாவது ஷாஃப்ட்

பன்னிரண்டு ஷாஃப்டுகளில், அதாவது உருக்குத் தண்டுகளில், பதினொன்று நிமிர்ந்துவிட்டன. கடைசி ஒன்று அவள் முன்னால், வளைவை அழுத்தி நிமிர்த்தும் பிரஸ்ஸில் கிடந்தது, நடுவில் அரை மில்லிமீட்டர் வளைந்து. அந்த அளவு நம் கண்ணுக்குத் தெரியாது. வளைவை அளக்கும் டயல் கேஜின் முள்ளுக்குத் தெரியும். அது யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது.

வளைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய கணவர்தான். தொழிற்சாலையில் அவருக்கு 'டமாரம்' என்று பட்டப்பெயர். இருபது வருஷம் உலையின் ஊதுவிசிறிக்குப் பக்கத்தில் நின்று காதைக் கோட்டைவிட்டவர். உலையில் சுட்டுக் கரியேற்றிய ஷாஃப்டைக் கொக்கியில் தொங்கவிட்டுத்தான் எண்ணெயில் இறக்க வேண்டும். கொக்கி இரண்டு உடைந்திருந்ததால், இந்த மகாராஜன் எல்லாவற்றையும் கூடையில் படுக்கப்போட்டு இறக்கிவிட்டார். செக்கச்செவேலென்று இருந்த உருக்கு ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் குளிர்ந்தால் வளையாமல் என்ன செய்யும்? இது இரண்டாவது தடவை வேறு. "ஒண்ணு கழிவாப் போனாலும் நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், காது கேளாத மனிதரை எவன் வேலைக்கு எடுப்பான்?

வாங்கும் கம்பெனியின் பரிசோதகர் கொஞ்சம் தள்ளி நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அவள் கைப்பிடியை அழுத்தினாள். கரியேற்றிய ஷாஃப்டுக்கு மேல்தோல் கண்ணாடி மாதிரிக் கடினம், உள்ளே மெத்து. அழுத்தம் கொஞ்சம் கூடினால் தோல் விரிசல் விட்டுவிடும். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

டிக்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு சமாளித்துக்கொண்டு, கேஜை வைத்து ஷாஃப்டை உருட்டினாள். முள் அசையவே இல்லை.

பரிசோதகர் போனை வைத்துவிட்டு வந்து பார்த்தார். "பரவாயில்லையே, பன்னிரண்டும் ஓகே. கையெழுத்துப் போட்டுடலாமா?"

ஷாஃப்ட் போகப்போவது கிரேனுக்கு. அந்தக் கிரேன் ஆட்களின் தலைக்கு மேல் பாரம் தூக்கும். அவளுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் எதிரே கையுறையைக் கசக்கிக்கொண்டு கணவர் நின்றிருந்தார்.

"போடுங்க சார்" என்றாள். தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் கணவர் வந்து கையைக் குறுக்கே வைத்தார். "கடைசிப் பீஸை விட்டுடுங்க சார். விரிசல் விட்டிருக்கு."

"ஏங்க, சும்மா இருங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கேஜ் சுத்தமா காட்டுதே" என்றார் பரிசோதகர், தன் காதைத் தொட்டுக் காட்டி. "சத்தம் எதாவது கேட்டுச்சா?"

"எனக்கு எங்க சார் கேக்குது? இவ கையைப் பாத்தேன். பதினோரு தடவை நிக்காத கை, இந்தத் தடவை நின்னுச்சு."

விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம் பூசிக் காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. வெள்ளையின் மேல் முடியளவு சிவப்புக் கோடு ஒன்று மெல்ல ஊறி வந்தது.

மேனேஜர் தன் அறை வாசலிலிருந்து விரலை அசைத்து அவரைக் கூப்பிட்டார். கணவர் கையுறையை அவள் கையில் கொடுத்தார். அவள்மேல் கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் முதுகு அறைக்குள் மறையும்வரை பார்த்தாள்.

பிறகு பரிசோதகர் பக்கம் திரும்பினாள்.

"மத்த பதினொண்ணுக்கும் சாயம் பூசிப் பாத்துடுங்க சார். கேஜை மட்டும் நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க."