நாற்பத்தொரு ஓட்டை

ஃபயர்வால் பெட்டி வந்து இறங்கியதும் மேனேஜர் சுப்புராயன் செய்த முதல் காரியம், அதன் பக்கத்தில் சிவப்பு மணல் வாளி ஒன்றை மாட்டச் சொன்னது. இது தீயை அணைக்கிற சாமான் இல்லை சார், எந்த கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று நிறுத்தி வைக்கிற பெட்டி என்று ரமாபாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இருந்துவிட்டுப் போகட்டும், வாளி என்ன சோறா கேட்கிறது என்றார் அவர்.

திருவொற்றியூரில் அந்த கன்டெய்னர் யார்டு ஆபீசில் பதினெட்டு கம்ப்யூட்டர்கள். வைரஸ் புகுந்து, சுங்கத்துக்கு இரண்டு நாள் ஒரு காகிதமும் போகாமல், லாரிகள் எண்ணூர் ரோடு வரை நின்ற பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு ரோஷம் வந்து இந்தப் பெட்டியை அனுப்பியது. கூடவே ரமாபாயையும் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்தது. பெட்டியைப் பொருத்த வந்தவன் மூன்றே வரி எழுதிவிட்டுப் போனான். சுங்கத்துக்கு வழி விடு, மெயிலுக்கு வழி விடு, மற்றதையெல்லாம் நிறுத்து.

அந்த மூன்று வரி ஒரு வாரம் தாங்கவில்லை. முதல் ஆளாக வந்தவர் சுப்புராயன்தான். அவருக்கு ஷேர் விலை பார்க்க வேண்டுமாம். வேலியே பயிரை மேய்ந்தால் மற்ற ஆடு மாடு சும்மா இருக்குமா? யார்டு சூப்பர்வைசருக்கு கிரிக்கெட் ஸ்கோர். அக்கவுன்ட்ஸில் ஒருவருக்குப் பெண்ணின் ஜாதகம் பார்க்கிற தளம். அது ஒன்றுக்குத்தான் ரமாபாய்க்கு மனசு இரங்கியது. எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: ‘எனக்கு மட்டும்.’ எழுதிக் கொடுங்கள் என்றால், நமக்குள்ளே எழுத்து எதற்கம்மா என்பார்கள்.

மறுத்துப் பார்த்தாள். தற்காலிகம்தானே நீ என்பதை ஆளுக்கொரு விதமாக ஞாபகப்படுத்தினார்கள். அப்புறம் ஆளாளுக்குக் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்து, எது யாருக்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தொன்று. சுவர் போய்ச் சல்லடையாகிவிட்டது.

ஐப்பசி பிறந்தால் ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆடிட்டர் ஆசீர்வாதம் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். அவர் எழுதுவதை வைத்துத்தான் அவளுக்கு நிரந்தர உத்தரவு. புளியந்தோப்பு வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள். நாற்பத்தொரு ஓட்டைக்கும் தன் தலைதான் உருளும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மற்றவர்கள் லீவு போடுகிற நாளாகப் பார்த்து வருவது ஆசீர்வாதத்தின் வழக்கம். விஜயதசமியன்று காலை பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே வந்த ரமாபாய் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்து அதற்கு மூன்று பட்டைச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே சாமந்திச் சரம்.

முந்தின நாள் ஆயுத பூசை. அவளுக்கு அதில் பங்கில்லை. பொரியை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தாள். எலக்ட்ரீஷியன் கோதண்டத்தைக் கூப்பிட்டு, இதை அணைத்தாயா என்று கேட்டாள்.

"இன்னா மேடம் இப்புடி கேக்குற? ஆயுத பூசை அன்னிக்கு ஆயுதம் ஓடிக்கினு இருக்கலாமா? ராத்திரி பூரா ரெஸ்ட்டு குடுத்து, இப்பத்தான் கற்பூரம் காட்டிப் போட்டேன்."

அந்தப் பெட்டியில் எதை மாற்றினாலும் கடைசியில் சேமிக்கிற கட்டளை ஒன்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கரன்ட் இருக்கும் வரைதான் ஞாபகம் வைத்திருக்கும். ஆளாளுக்குக் கழுத்தில் உட்கார்ந்துகொண்டு அவசரப்படுத்தியதில் அவள் ஒருநாளும் அதைத் தட்டவில்லை. எத்தனையோ தடவை கரன்ட் போயும் இதே கோதண்டம் பார்த்துக்கொள்கிற யு.பி.எஸ். பேட்டரிதான் அவள் மறதியை மறைத்து வைத்திருந்தது. இன்று அவனே குட்டை உடைத்துவிட்டான். திரையில், பொருத்த வந்தவன் சேமித்துவிட்டுப் போன பழைய மூன்று வரி மட்டும் பல்லிளித்தது.

கோதண்டத்தைத் திட்டினாள். தன்னையும் திட்டிக்கொண்டாள். நோட்டை விரித்து முதல் ஓட்டையை, அதாவது மேனேஜருடையதை, மறுபடி போட உட்கார்ந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பதினோரு மணிக்கு வர வேண்டிய ஆசீர்வாதம் பத்துக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"மூணே வரியா? பதினாலு கிளை பாத்துட்டேன். எங்கேயும் இப்படி இல்லையே. எப்படிம்மா சமாளிச்சீங்க?"

ஆமாம் சார் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இத்தனை மாதம் எல்லோருக்கும் ஆமாம் போட்டே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"சமாளிக்கலை சார். நாப்பத்தொரு ஓட்டை போட்டுக் குடுத்தேன். சேமிக்காம விட்டதும் நான்தான். நேத்து பூசையில அணைச்சதுல எல்லாம் போயிடுச்சு."

அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நேரமெடுத்துக்கொண்டார்.

"சேமிச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கே உங்களை அனுப்பிடச் சொல்லி எழுதியிருப்பேன். இனிமே யாருக்காவது வழி வேணும்னா, இதுல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள எதுக்கும் இருக்கறதை ஒரு தடவை சேமிச்சு வைங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் சுப்புராயன் நுழைந்தார். ஷேர் பக்கம் திறக்கவில்லையாம். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்கெல்லாம் வேணாம்மா. சேமிக்கறதுக்கு முன்னாடி என்னோடதை மட்டும் சேர்த்துடு."

ரமாபாய் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனா மூடியைக் கழற்றி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள். பேனாவைக் கையில் எடுத்தவர் வெற்றுப் பக்கத்தையே பார்த்தார். வாசலில் டீ கிளாசோடு நின்ற ஆசீர்வாதத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நேற்றைய பொரி மிச்சம் கிடக்கிறதா என்று கோதண்டத்தைக் கேட்டுக்கொண்டே வெளியே போனார்.

ரமாபாய் திரையில் இருந்த மூன்று வரியை ஒரு தடவை படித்தாள். ஐந்து மாதமாகத் தட்டாமல் விட்ட கட்டளையைத் தட்டினாள்.