ஆளுக்கு மூன்று செடி

டாக்டர் தேலன் இறப்புச் சான்றிதழில் நேரம் எழுதப் பேனாவை எடுத்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க டாக்டர். நீங்க எழுதற நேரத்துலேர்ந்து இந்த வீட்டுல ஒரு ஆள்தான்னு ஆயிடும், இல்லையா?"

"ஆமா ரோஸ்வித்தா. அதுக்கென்ன?"

"அப்போ அந்த நிமிஷத்துலேர்ந்து எனக்கு மூணு செடி அதிகம். நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

வீப்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையறை வாசலில் நின்றாள். பீலஃபெல்டிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் அழுதுவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். கட்டிலில் அப்பா. தலையை அம்மா படிய வாரிவிட்டிருந்தாள். அப்பாவுக்கு அந்த வகிடு பிடிக்காது என்பது வீப்கேவுக்குத் தெரியும்.

"ஆறு பத்துன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?" என்றார் டாக்டர். "நான் ஆளைப் பார்க்க வந்தேன். செடியைப் பார்க்க வரலை. எனக்கு எதுவும் தெரியாது."

அப்படிச் சொன்னாரே ஒழிய மூக்கு வாசனையை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டுக்குள் வந்துவிட்டு எதுவும் தெரியாது என்று சொல்ல ஜலதோஷக்காரனால்தான் முடியும். ஆறு கஞ்சாச் செடிகள் ஒரே சமயத்தில் பூத்திருந்தன.

அப்பா ஹார்ட்முட் முப்பத்தெட்டு வருஷம் மின்டன் ரயில் நிலையத்துக்கு வெளியே சிக்னல் கேபினில் இருந்தவர். சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. பதினெட்டு வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று ஜெர்மன் அரசாங்கம் சொன்ன அன்று, சட்டத்தைப் பென்சிலும் கையுமாக இரண்டு முறை படித்தார். "அவங்களே மெனக்கெட்டு அனுமதி கொடுக்கும்போது வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காது" என்றார். இரண்டு பேர், ஆறு செடி. வீப்கேவின் பழைய அறையில் அவளுடைய துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே வெள்ளித் தாள் ஒட்டி, விளக்கும் சின்ன மின்விசிறியும் மாட்டினார். கதவின் உட்புறம் அவள் பத்து வயதில் ஒட்டிய குதிரைப் படங்களை மட்டும் கிழிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மரக்குச்சி, அதில் உடையவர் பெயர். மூன்றில் ஹார்ட்முட், மூன்றில் ரோஸ்வித்தா.

முதல் அறுவடையில் ஒன்றைச் சுருட்டிப் பால்கனியில் நின்று இழுத்தார். கால் மணி நேரம் இருமினார். பிறகு டிவியில் வானிலை அறிக்கையைப் பார்த்து முக்கால் மணி நேரம் சிரித்தார். அதோடு சரி. வளர்ப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டில் ஆளுக்கு ஐம்பது கிராம்தான் வைத்திருக்கலாம் என்பதால் ஒவ்வொரு அறுவடையையும் கேக் தராசில் நிறுத்து, மிஞ்சியதை உரக்குழியில் புதைத்துவிட்டு, அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

பூக்கிற காலத்தில் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, நிமிஷம் பிசகக் கூடாது. விளக்கு தானாகவே காலை ஆறுக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும்படி டைமர் வைத்திருந்தார். ஆனாலும் தினமும் ஆறு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எரியுது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி படுப்பார். மாலை ஆறுக்குப் போய், "அணைஞ்சாச்சு" என்பார். பிறகுதான் ரொட்டியை வெட்டுவார்கள்.

"இன்னிக்கும் எழுந்தாரு" என்றாள் அம்மா, டாக்டர் போன பிறகு. "போய்ப் பார்த்துட்டு வந்தாரு. எரியுதுன்னாரு. படுத்தாரு. பத்து நிமிஷம் கழிச்சு, காபி போடவான்னு கேட்டேன். காபின்னா தூக்கத்துலகூட பதில் சொல்ற மனுஷன். சொல்லல."

வீப்கே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்தவளுக்கு ஒரு கணக்கு இடித்தது.

"ஆறு பத்துக்கு நடந்திருக்கு. எனக்கு ஏழு மணிக்குத்தான் போன் பண்ணின. அம்பது நிமிஷம் என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"ஜன்னலைத் திறந்தேன்."

"ஜன்னலைத் திறக்க அம்பது நிமிஷமா?"

"கைப்பிடி ரொம்ப இறுக்கம்டி."

உயிர் வெளியே போக வழிவிட வேண்டும் என்று அந்த ஊரில் செத்த வீட்டில் ஜன்னலைத் திறப்பார்கள். திறந்து பத்து நிமிஷத்தில் மூடியும் விடுவார்கள், நவம்பர் குளிர் அப்படி. படுக்கையறை ஜன்னலோ இன்னும் ஆவென்று திறந்து கிடந்தது. திரைச்சீலை பறந்தது. கீழே ஹீட்டர் வேறு முழு மூச்சாக ஓடியது. வீப்கே ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாதே. அவரு இன்னும் போகல."

"அம்மா, விரலெல்லாம் விறைச்சுப் போச்சு."

"தொப்பியைப் போட்டுக்கோ."

வீப்கே பீலஃபெல்ட் நகராட்சியில் குடியிருப்போர் பதிவுப் பிரிவில் இருந்தாள். யார் எந்த வீட்டுக்குக் குடி வந்தாலும் அவள் மேசைக்கு வந்து படிவம் கொடுக்க வேண்டும். ஒழுங்கு விஷயத்தில் அப்பாவை உரித்து வைத்தவள். ஆனால் இந்தச் செடி விவகாரம் மட்டும் அவளுக்கு ஆகவில்லை. ஆபீசில் யாராவது கேட்டால், "அப்பா தக்காளி போடறாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். முன்பெல்லாம் வந்தால் ஒரு ராத்திரி தங்குவாள். அறை போன பிறகு, அந்த நாற்றத்தில் தூக்கம் வராது என்று சொல்லிச் சாயங்காலமே கிளம்பிவிடுவாள். பீலஃபெல்டில் அவளுக்காகக் காத்திருக்க யாரும் கிடையாது. ஆனாலும் கிளம்பிவிடுவாள். அப்பா காரிடம் வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஓட்டு" என்பார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அதை இப்போது நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கோபம் வந்தால் அவள் விதிகளைத் தேடுவாள். அலமாரிக் கதவில் அப்பா தட்டச்சு செய்து ஒட்டிய தாள் இருந்தது. ஏழு விதிகள், கீழே இரண்டு பேர் கையெழுத்து. ஏழாவது: இருவரில் ஒருவர் இறந்தால், இறந்தவரின் மூன்று செடிகளையும் அன்றே வெட்டி அப்புறப்படுத்தவும். தள்ளிப்போட வேண்டாம்.

"அப்பாவே எழுதி வெச்சிருக்காரு. இன்னிக்கே வெட்டிடணும்மா."

அம்மா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ, "சரி, வெட்டு. அவரு பேரு இருக்கிற மூணையும் வெட்டு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அப்பாவை எடுத்துப்போக இரண்டு மணிக்கு ஆட்கள் வருவதாகச் சவ அடக்க நிறுவனத்திலிருந்து போன் வந்தது. செடி வாசனை தெரியாமலிருக்க வீப்கே வாசனை மெழுகுவத்தி நாலு ஏற்றினாள். காபியைக் கொதிக்கவிட்டாள். ஒரு வெங்காயத்தை வேறு வதக்கினாள். வந்தவர்களில் மூத்தவர் லூட்கே, கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்கோங்கம்மா" என்றார். பிறகு முகத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எட்டாவது வாரமா?"

"என்னது?" என்றாள் வீப்கே.

"எங்க வீட்டுல பூத்து ஆறாவது வாரம் ஓடுது. இன்னும் இந்த வாசனை வரல."

அம்மாவின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. அப்பாவைப் பெட்டியில் வைக்கும் வரை லூட்கே ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. போர்வையின் மடிப்பைக்கூட நீவிவிட்டார். அது முடிந்த பிறகுதான் அம்மா அவரை அலமாரி முன்னால் கூட்டிப்போனாள். அவர் சாவிக்கொத்திலேயே ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார்.

"பூவுல இழையெல்லாம் இன்னும் வெள்ளையா இருக்கு. குறைஞ்சது பத்து நாள் ஆகும். இப்ப வெட்டினா குப்பைதான்." குச்சிகளைப் படித்தார். "ஆனா உங்களோட மூணும் பிரமாதம்மா. தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுக்காரரோடது கொஞ்சம் சவலைதான்."

"ம்" என்றாள் அம்மா.

வீப்கேவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு வார்த்தை பாராட்டினால் நாற்பது வார்த்தை சேர்த்துக்கொள்கிறவள் அம்மா.

"அப்பாவோட மூணையும் இன்னிக்கு வெட்டறோம்" என்றாள் வீப்கே. "இந்த வீட்டுல இனிமே ஒரு ஆள்தானே."

லூட்கே பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார். "ஆமா. ஆளுக்கு மூணு" என்றார். முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன அதே குரலில் சொன்னார். "அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

வண்டி கிளம்பும்போது அம்மா கண்ணாடியைத் தட்டினாள். "மெதுவா ஓட்டுங்க. அவருக்கு வேகம் ஆகாது. ஆனா லேட்டாவும் போயிடாதீங்க."

வண்டி திருப்பத்தில் மறையும் வரை நின்றுவிட்டு இருவரும் உள்ளே வந்தார்கள். ஜன்னல் அப்படியே திறந்திருந்தது.

"இப்பவாவது மூடலாமா? அப்பாவைக் கூட்டிட்டே போயிட்டாங்கம்மா."

"மணி என்ன?"

"மூணே கால்."

"ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடி உங்கப்பா என்னிக்கு எழுந்து போயிருக்காரு? இருக்கட்டும்."

இறுதிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கேக் வேண்டுமே, உறவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று போனிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. ஐந்தே காலுக்கு வீப்கே செடி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு தன் பழைய அறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. தரையில் உட்கார்ந்து, ஹார்ட்முட் என்று எழுதியிருந்த முதல் தொட்டியை முன்னால் இழுத்தாள். உண்மையிலேயே சவலைதான். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ரயிலைக்கூடத் தப்பாக விடாத அப்பாவுக்கு ஒரு செடி இப்படிச் சோனியாகப் போனதே என்று பாவமாக இருந்தது. தண்டில் கத்தரியை வைத்தாள்.

கிளை சாயாமலிருக்கக் குச்சியோடு கம்பளி நூலால் கட்டியிருந்தது. பூ முடிச்சு. இரண்டு காதும் தொங்கின.

அப்பா பூ முடிச்சுப் போட மாட்டார். அவளுடைய பள்ளிக்கூட ஷூவை அவர் கட்டிவிட்டால், டீச்சர் கயிற்றை வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கும். இரட்டை முடிச்சு, முனைகள் இரண்டும் ஒரே அளவில் நறுக்கியிருக்கும். வீப்கே கத்தரியை எடுத்துவிட்டு அடுத்த தொட்டியைப் பார்த்தாள். பூ முடிச்சு. மூன்றாவதும் அதுவே. பின்வரிசையில் ரோஸ்வித்தா என்று எழுதியிருந்த மூன்று செடிகள் அலமாரிக் கூரையைத் தொட்டுக்கொண்டு, காம்புக்குக் காம்பு இரட்டை முடிச்சோடு நின்றன.

"அம்மா!"

அம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். கையில் துடைக்கிற துணி.

"என்னடி, வெட்டலையா?"

"இது யாரோடது?"

"பேரு எழுதியிருக்கே."

"அம்மா."

அம்மா துணியை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

"காலைல மொதல்ல ஜன்னலைத் திறந்தேன். அப்புறம் இங்க வந்து குச்சியை மாத்தி வெச்சேன். என்னோடதை வெட்டினா என்ன போச்சு? அதுங்க என்னை மாதிரியே குட்டை."

"ஆறு குச்சியை மாத்த அஞ்சு நிமிஷம் ஆகுமா? மீதி நேரம்?"

"இங்கயே உக்காந்திருந்தேன். வெளிச்சமா இருந்தது."

விதி ஏழில் அம்மாவின் கையெழுத்தும் இருந்தது. எந்த மூன்றை வெட்டினாலும் சட்டத்துக்குச் சரி; குச்சியில் அப்பா பெயர் இருப்பதால் தாளுக்கும் சரி. வீப்கே கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"ஒண்ணையும் வெட்ட வேண்டாம்."

"ஆளுக்கு மூணுடி. நான் ஒரு ஆள்தானே."

"ரெண்டு ஆள் இருந்தா ஆறு."

அம்மா அவளைப் பார்த்தாள். "சும்மா உன் பேரை எழுதி வெச்சா போதுமா?"

"போதாது. இங்க குடியிருக்கணும். இல்லாம பதிஞ்சா அது பொய்ப் பதிவு. அதுக்கு நானே எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருக்கேன்! நிஜமா இருக்கணும். இங்கேர்ந்து ஆபீஸ் ரயில்ல அரை மணி நேரம்தான்."

"பத்து நாளைக்கா? அறுவடை வரைக்குமா?"

"படிவத்துல அதெல்லாம் கேட்க மாட்டாங்க. குடி வந்த தேதி மட்டும்தான் கேட்பாங்க. வீட்டுக்காரங்கன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

அம்மா மேசை இழுப்பறையில் துழாவி அப்பாவின் மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினாள். வீப்கே சவலைத் தொட்டிகளிலிருந்து மூன்று குச்சிகளையும் உருவித் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"எனக்கு இந்த மூணா? நல்லதெல்லாம் உனக்கா?"

"வந்த அன்னிக்கே நல்லதைக் கேட்கறியா? மொதல்ல இதை ஒழுங்கா வளர்த்துக் காட்டு. நாத்தத்துல தூக்கம் வராதுன்னு மட்டும் ஆரம்பிச்ச, பாரு."

"தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துக்கறேன்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முழங்கால் இரண்டும் மளுக்கென்றன. ஆறு தொட்டிகளையும் குதிரைப் படங்களையும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைமர் க்ளிக் என்றது. விளக்கு அணைந்தது.

யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

"அணைஞ்சாச்சு" என்றாள் வீப்கே.

அம்மா அவள் தோளை ஊன்றி எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினாள். பிறகு படுக்கையறைக்குப் போனாள். ஜன்னலின் கைப்பிடி ஒரே திருப்பில் மூடிக்கொள்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் ரொட்டி வெட்டும் சத்தம் கேட்டது.