ஏழாம் நம்பர் தொட்டி

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைப் பிரித்து, அப்பாவின் காக்கிச் சட்டைப் பைக்குள் பிரியந்தி கைவிட்டாள். ஈரத் துணித்துண்டு ஒன்று வந்தது.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"மூடி தொடைக்கிறதும்மா."

டவுனில் பதினொரு புதுக் குப்பைத்தொட்டிகள் வைத்திருந்தார்கள். மூடியின் உட்புறக் கருவி குப்பையின் உயரத்தை அளந்து அனுப்பும். நிறைந்தால் பிரியந்தியின் போனில் சிவப்பு. பார்த்து ஆள் அனுப்புவது அவள் வேலை. போகிற ஆட்களில் ஒருவர் அவள் அப்பா பொன்னையா.

கோயில் ஏற்றத்தின் உச்சியில் இருந்த ஏழாம் நம்பர் மட்டும் பனி இறங்கினாலே சிவந்துவிடும். "கருவியில தண்ணி கோத்துக்குது புள்ள, குப்பையெல்லாம் இல்ல" என்று அப்பா முதல் வாரமே சொன்னார். துடைத்துவிட்டால் பச்சையாகும்.

முந்தாநாள் இரண்டு தடவை ஏறி இறங்கியிருந்தார். மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது போனில் மூச்சிரைத்தது.

"காலியாத்தான் கெடக்கும் புள்ள. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. நாளைக்குப் பாப்பமே."

ஜன்னலுக்கு வெளியே பனியை அவளும் பார்த்தாள்.

"அப்பாங்கிறதால சும்மா விடுறேன்னு ஆபீஸ் மாத்தயா சொல்றாருப்பா. போயிட்டு வந்துருங்க."

இருபது நிமிடத்தில் ஏழாம் நம்பர் பச்சையானது. அவள் தேத்தண்ணி குடிக்கப் போனாள். அவரோடு வேலை பார்க்கும் இராமையா போய்ப் பார்த்தபோது, தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாராம்.

தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் தப்பு முழங்கியது. சவப்பெட்டியைத் தூக்க வந்த இராமையாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பனியில யாருண்ணே அவர மேல அனுப்புனது? எந்தப் பாவி?"

இராமையா பிரியந்தியை ஒருமுறை பார்த்தார்.

"யாரும் அனுப்பல தங்கச்சி. அவருதான் சும்மா இருக்கமாட்டாரே. வீட்டுல ஒரு கோப்பைய கழுவியிருப்பாரா? அந்தத் தொட்டிய மட்டும் தொடைச்சுத் தொடைச்சு வச்சாரு."

அழுகைக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரியந்தி வாயைத் திறந்தாள். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

பெண்கள் லயத்துக் கடைசியில் நின்றுகொண்டார்கள். ஊர்வலம் கோயில் ஏற்றத்தில் ஏறிப் பனிக்குள் மறைந்தது. அவள் கையில் போன் அதிர்ந்தது. ஏழாம் நம்பர், சிவப்பு.

மேலே, தொட்டி இருக்கும் இடத்தில் தப்புச் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கித் தள்ளிப் போனது.

"போன்ல என்னடி பாக்குற?"

"ஒண்ணுமில்லம்மா."

சிவப்பு பச்சையாகியிருந்தது. அவளுடைய இன்னொரு கைக்குள் அந்தத் துணித்துண்டு இன்னும் காயவில்லை.