முழங்கை மடிப்பில் ஒரு சைபர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கண்ணால் கண்டவர்கள், காதால் கேட்டவர்கள், முக்கியமாக மூக்கால் முகர்ந்தவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்து உறுதி சொன்ன விஷயம் இது. ஒரு கால்புள்ளியைக்கூட ஊதிப் பெரிதாக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம், வருத்தம் இல்லை.

சோப்புத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘மூக்கு’ என்றே கூப்பிட்டார்கள். உண்மையான பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முகர்வு அறை என்று ஒன்று உண்டு: வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், மூடிய ஜன்னல். அங்கே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, சோப்புக் காய்ச்சும் கொப்பரையிலிருந்து புதிதாக வந்த சோப்புக் கட்டியை மூக்கருகே கொண்டுபோய், “சரி” அல்லது “த்தூ” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. “த்தூ” என்றால் நாலாயிரம் கட்டிகளும் மறுபடி கொப்பரைக்குப் போகும். தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு அவளைவிடப் பெரிய மூக்கு அங்கே இல்லை.

ஒருமுறை லாரியில் வந்த எண்ணெய்ப் பீப்பாய்களில் எட்டாவதற்குள் ஒரு பல்லி கிடக்கிறது, அதுவும் செவ்வாய்க்கிழமை விழுந்தது என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். திறந்து பார்த்தார்கள். பல்லி இருந்தது. கிழமையைப் பல்லியிடம் கேட்டுச் சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று.

இந்த வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு கட்டியை முகர்ந்ததும் அதன் வாசனை மூக்கில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றாமல் அடுத்த கட்டியைத் தொடக் கூடாது. அதற்காக அவள் இடது முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து, மூன்று மூச்சு இழுப்பாள். சொந்த உடம்பின் வாசனை சொந்த மூக்குக்குத் தெரியாது என்பதால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத் தொட்டுவிட்டு மூக்கு புதிதாகத் திரும்பி வரும். அறையில் இதற்கு ‘சைபர் போடுவது’ என்று பெயர். சூப்பர்வைசர் ஒவ்வொரு கட்டிக்கும் முன்னால், “சைபர் போட்டாச்சா அக்கா?” என்று கேட்ட பிறகுதான் தட்டை நீட்டுவார்.

அப்படிப்பட்டவளின் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. இந்தக் கட்டிக்கு முகர்வு அறையில் தீர்ப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மார்பை முழுவதுமாக எடுத்தார்கள், அக்குளிலிருந்து சில நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். காயத்தில் ஊறும் நீர் வெளியே வர, விலாவிலிருந்து ஒரு குழாயை இழுத்து, அதன் நுனியில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் குடுவையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் குடுவையைப் போல ஒரு கண்றாவியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முதல் நாள் சிவப்பு, மூன்றாம் நாள் ஆறிப்போன டீ, ஆறாம் நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர். நடக்கும்போது இடுப்பில் வந்து வந்து இடிக்கும், வெதுவெதுவென்று, உயிருள்ளது மாதிரி. அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்தில் குடித்துக்கொண்டே இருக்கிறதே, வேறென்ன பெயர் வைப்பது?

மாப்பிள்ளையைத் தினமும் காலையில் காலி செய்து, எத்தனை மில்லி என்று அளந்து எழுதுவது அவள் கணவரின் வேலை. அவர் சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஊரே அவரைப் ‘பூட்டு’ என்றுதான் சொல்லும்.

“நாப்பத்தஞ்சு,” என்பார் அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. “நேத்தைவிடக் கம்மி.”

“அதை எதுக்கு என் கண்ணுக்கு நேரா தூக்குறீங்க? கொண்டுபோய்க் கொட்டுங்க. பரிசுக் கோப்பையா அது?”

பார்க்க வந்தவர்களில் முதன்மையானவள் நாத்தனார், பூட்டின் அக்கா. வந்தவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குடுவையையே பார்த்தாள்.

“இது என்னது, உள்ள இருந்தே வருதா?”

“இல்ல அண்ணி, கடையில வாங்கி ஊத்தினது.”

“பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அது சரி, அந்தப் பக்கம் தட்டையா தெரியுதே. கொஞ்சம் பஞ்சு வச்சு அடைச்சுக்கிட்டா ஆளுங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தலகாணியை வேணா வச்சுக்கவா? படுக்கவும் வசதி.”

நாத்தனார் முகம் சுளித்தாள். மூக்கும் சுளித்தாள். அந்த அறையில் ஒருவரை ஒருவர் பார்த்து யார் அதிகம் அருவருப்படைந்தார்கள் என்று சொல்வது கடினம்.

இடது கையை அப்போது முழுதாகத் தூக்க முடியாது. மேல்கையின் உட்புறம் மரத்துப்போயிருந்தது, வேறு யாருடைய கையையோ கடன் வாங்கித் தைத்தது மாதிரி. சுவரில் விரல்களைப் பூச்சி ஏறுவது போல மேலே நடக்கவிடச் சொல்லியிருந்தார்கள். தினமும் ஒரு விரற்கடை ஏறியது. எல்லோரும் தலை வாருவதற்காகச் செய்யும் பயிற்சி அது. அவள் முழங்கையை மூக்குக்குக் கொண்டுவரச் செய்தாள். சைபர் கிடைத்தால் போதும், இந்த நாற்றங்களையெல்லாம் ஒரு நிமிடம் கழற்றி வைக்கலாம்.

கை வந்து சேருவதற்கு முன்னால் மருந்து வந்து சேர்ந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. வலது கை நரம்பில் சிவப்பாக ஒன்றை ஏற்றினார்கள். மறுநாள் சிறுநீரும் சிவப்பாகப் போனது. “நல்ல சாயம். துணிக்குப் போட்டிருந்தாக்கூட ஒட்டியிருக்காது,” என்றாள். பதினாறாம் நாள் தலைமுடி குளியலறைச் சாக்கடை வாயில் செத்த எலி மாதிரி சுருண்டு கிடந்தது. பூட்டு வளைந்த கம்பியை விட்டு அதை எடுத்தார். வாயெல்லாம் புண். நகங்கள் கறுத்தன. வாயில் எதை வைத்தாலும் துருப்பிடித்த இரும்பின் ருசி. ரொட்டி இரும்பு, சூப் இரும்பு, தண்ணீர் உருகிய இரும்பு.

இரண்டாவது மருந்துக்குப் பிறகு ஒரு காலை, முழங்கை ஒருவழியாக மூக்குக்கு வந்து சேர்ந்தது. ஆசையாக மடிப்பில் மூக்கைப் புதைத்தாள். மூன்று மூச்சு இழுத்தாள்.

நாறியது. சொந்தக் கை, ஈரச் சில்லறையும் ஆஸ்பத்திரி வராந்தாவும் சேர்ந்த மாதிரி நாறியது.

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். மார்பு போனபோது அழவில்லை, முடி போனபோது அழவில்லை. சைபர் போனதும் உட்கார்ந்து அழுதாள். கண்ணீரும் நாறியது.

கழற்றி வைக்க இடமில்லாமல் போகவே, நாற்றம் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி வெங்காயம் வதக்கலாமா என்று யோசிக்கும்போதே இவள் ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாவது தெருவில் ஒருவர் காலுறையைக் கழற்றியதைக் கண்டுபிடித்து, இடது காலா வலது காலா என்றும் சொன்னாள். மாடிப்படிப் பூனை அவள் பார்த்த பார்வையில் கூனிக்குறுகி அன்று முழுவதும் தன்னைத்தானே நக்கிக்கொண்டிருந்தது, பிறகு வேறு கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது.

பூட்டின் கதி பூனையைவிட மோசம். பித்தளைத் தூளும் எண்ணெயும் முப்பது வருடமாக ஊறிய மனிதர்.

“கிட்ட வராதீங்க. என் வாயில என்ன ருசி இருக்கோ அதே நாத்தம் உங்க மேல. உங்களை நக்கின மாதிரியே இருக்கு எனக்கு.”

அவர் குளித்தார். அவளுடைய தொழிற்சாலைச் சோப்பு ஏழு வகையும் போட்டுத் தேய்த்தார். “இப்ப ரோஜாத் தோட்டத்துல ஒரு பூட்டு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு,” என்றாள். அவர் பால்கனிக்குப் போனார், போதவில்லை. கடைக்குப் போய் போன் செய்தார்.

“சாப்பிட்டியா?”

“போனைத் தள்ளிப் பிடிங்க. வாய் கொப்புளிக்கவே இல்லையா நீங்க?”

அவர் கொப்புளித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

மூன்றாவது மருந்து முடிந்ததும் டாக்டரம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

“போதும். இனிமே வரமாட்டேன்.”

“மூணுதான் ஆகியிருக்கு. பாதியில விட்டா உள்ள ஒளிஞ்சிருக்கிறது திரும்ப வளரலாம். அது வந்தா இந்த அளவுக்குச் சுலபமா இருக்காது.”

“இது சுலபமா? நீங்க காலையில முட்டை சாப்பிட்டீங்க. வெள்ளை மட்டும். மஞ்சளைத் தட்டு ஓரத்துல ஒதுக்கிட்டீங்க. இதெல்லாம் எனக்கு எதுக்குத் தெரியணும்?”

டாக்டரம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டார். குமட்டலுக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். “பதினேழாம் தேதி நாலாவது. படுக்கை ஒதுக்கி வைக்கிறேன்,” என்றார்.

பதினேழு நெருங்க நெருங்கப் பூட்டுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரி பாஷை தெரியாது, பூட்டு பாஷைதான் தெரியும். பதினைந்தாம் தேதி பால்கனிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார்: “பூட்டுக்குள்ள என்ன மேடு பள்ளம் இருக்கோ, அதே மாதிரி ஒண்ணு வெளிய இருந்து போனாத்தான் திறக்கும். உன் வாய்க்குள்ள இரும்பு. அப்ப வெளிய இருந்தும் இரும்புதான் போகணும். சோப்பு எப்படித் திறக்கும்?”

“என்ன உளர்றீங்க?”

அவர் வீட்டுச் சாவியைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளினார். அவள் மூக்கருகே கொண்டுபோன வேகத்திலேயே வீசி எறிந்தாள். “சீ! உங்க அக்கா கை பட்டிருக்கு இதுல! அவங்ககிட்ட நம்ம வீட்டுச் சாவி எப்பப் போச்சு?”

தவறு அவருக்குப் புரிந்தது, இரண்டு தவறுமே: அக்காவிடம் சாவியைக் கொடுத்தது, அதையே இவளிடம் நீட்டியது. வெட்டிய சாவிக்கு ஒரு கதவு உண்டு, கதவுக்குப் பின்னால் ஆட்கள் உண்டு. கடைக்கு ஓடினார். ஆணியில் தொங்கிய சாவிகளில் இன்னும் பல் வெட்டாத ஓர் எஃகுச் சாவியை எடுத்துவந்தார். எந்தக் கதவையும் திறக்காத, யார் பையிலும் போகாத மொட்டைச் சாவி. இருபது நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து, இடுக்கியால் தூக்கி, சுத்தமான துணியில் வைத்து நீட்டினார்.

அவள் மூக்கருகே பிடித்தாள். முதல் மூச்சில் இரும்பு, வாயில் இருந்த அதே இரும்பு. இரண்டாவதில் வெளி இரும்பும் உள் இரும்பும் ஒன்றோடொன்று மோதின. மூன்றாவது மூச்சில் ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். “என்னாச்சு?” என்றார் அவர் கதவுக்கு வெளியிலிருந்து.

“சைபர்,” என்றாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, “உள்ள வாங்க. நீங்களும் இந்த எழவு மாதிரிதான் நாறுறீங்க. பக்கத்துல உட்காரலாம்.”

பதினேழாம் தேதி நாலாவது மருந்து ஏறியது. மொட்டைச் சாவி கழுத்தில் நூலில் தொங்கியது. ஒவ்வொரு தடவை குமட்டும்போதும் எடுத்து மூக்கில் வைத்து மூன்று மூச்சு.

“என்னம்மா இது? வீட்டுச் சாவியா?” என்றாள் நர்ஸ்.

“இது எந்த வீட்டுக்கும் இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“வெளிய வர்றதுக்கு.”

பக்கத்துப் படுக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். “அக்கா, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? என் வீட்டுக்காரரு செருப்புக் கடை.” ஐந்தாவது மருந்துக்குப் போனபோது பூட்டு பதினோரு மொட்டைச் சாவிகளைக் கொதிக்க வைத்துத் தனித்தனிப் பையில் கொண்டுபோனார். அன்று அந்த அறையில் வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு சாவிகளை மூக்கில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். தலையில் முடி இல்லை, சாவியில் பல் இல்லை. உள்ளே வந்த டாக்டரம்மா வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை மாட்டச் சொன்னார். அன்று அவர் முட்டை சாப்பிடவில்லை.

ஆறும் முடிந்தது. பார்வையாளர்கள் வாழ்த்த வந்தார்கள். நாத்தனார் கட்டிப்பிடித்தாள். “எல்லாம் நல்லதுக்குத்தான்,” என்றாள்.

“எது அண்ணி நல்லது? எதை எடுத்தது நல்லது, வரிசையா சொல்லுங்க கேப்போம்,” என்றாள் இவள். “அப்படியே எங்க வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க.”

தலையில் பொடி முடி முளைத்ததும் தொழிற்சாலைக்குத் திரும்பினாள். சட்டையின் இடது பக்கம் தட்டையாகவே இருந்தது, பஞ்சு வைக்கவில்லை. சூப்பர்வைசர் தட்டை நீட்டும் முன் தயங்கி, “சைபர் போட்டாச்சா அக்கா?” என்றார்.

அவள் சாவியைத் தொட்டாள். பிறகு அதை விட்டுவிட்டு, இடது முழங்கையை மெதுவாகத் தூக்கி, மடிப்பில் மூக்கைப் புதைத்து மூன்று மூச்சு இழுத்தாள்.

தலையை நிமிர்த்தினாள். கழுத்துச் சாவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். எலுமிச்சைச் சோப்புக் கட்டியை எடுத்து முகர்ந்தாள்.

“த்தூ,” என்றாள்.

நாலாயிரம் கட்டிகளும் கொப்பரைக்குப் போயின. சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்துப் போனார்.

சொல்ல மறந்துவிட்டேன், இதுவும் சத்தியம்: ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, ‘மூக்கு’ என்று எல்லோரும் கூப்பிட்ட அவளுக்கு எந்த வாசனையும் தெரியாது.