சர்ஜரியில் தேறுவது எப்படி

சர்ஜரி பிரிவில் தேறுவது எப்படி என்று ஜூனியர்கள் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு தடவை கோட்டை விட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? இரண்டாம் முறையும் தேறாவிட்டால் ஒரு வருஷமே போச்சு.

எங்கள் பெரிய டாக்டர் தவறான பதிலைக்கூட மன்னிப்பார். ‘தெரியாது’ என்றால் மட்டும் ஆகவே ஆகாது. போன முறை அதைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

இந்த முறை உஷாராகிவிட்டேன். ஆபரேஷன் நடக்கும்போது, வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியைக் கை மரத்துப்போகப் பிடித்துக்கொண்டு, அவருடைய அறுதப்பழசான ஜோக்குகளுக்கெல்லாம் மாஸ்க்கையும் தாண்டிக் கேட்கும்படி சிரித்தேன். ரத்தக்குழாயைக் காட்டி “இது என்ன?” என்றால் வாய்க்கு வந்த பெயரைக் கணீரென்று சொன்னேன்.

“தப்பு. ஆனா தைரியம் இருக்கு, பலே!” என்றார்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ‘மைக்’ என்றே பட்டப்பெயர். இந்த வித்தையில் அவன் கில்லாடி.

மார்க் போடும் நாள் வந்தது. வார்டில் ஒரு அம்மா படுத்திருந்தார். அவர் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம், முடிவு வரவில்லை. அவருடைய மகள் பெரிய டாக்டரை மடக்கினாள்.

“டாக்டர், அது கேன்சர் இல்லதானே? கிளம்பி வரட்டுமான்னு வெளியூர்லேர்ந்து அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“நம்ம பசங்களே சொல்லட்டும்” என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணும் இல்லக்கா, சாதாரணக் கட்டி!” என்றான் மைக். பெரிய டாக்டருக்கு முகமெல்லாம் பல்.

“நீ என்னம்மா சொல்றே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வருஷம் பிழைக்கும். அந்த அக்கா போனும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன வாய், சும்மா இருந்தால்தானே!

“தெரியாதுக்கா. ரிசல்ட் வந்தாத்தான் யாருக்குமே தெரியும்.”

பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் மைக்குக்கு முதல் மார்க். எனக்கு, ‘தன்னம்பிக்கை போதாது. மீண்டும் வரவும்.’ பாத்ரூமுக்குள் போய் அழுது தீர்த்தேன்.

வெளியே வந்தால் அதே அக்கா.

“அந்தத் தம்பி சொன்னதுல மனசு ஆறல. நீ சொன்னதும் அண்ணனை வரச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்துடுவான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே அம்மாவைக் கூட்டிட்டு வரும்போதெல்லாம் உன்கிட்டதான் கேட்பேன். நீ இங்கேதானே இருப்பே?”

“கவலையே படாதீங்கக்கா” என்றேன். “அடுத்த வருஷமும் இங்கேதான்.”